மட்டம் இறங்காத புட்டி

1

சித்தூர் ஜெயில் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த அன்று காலையில்தான் கோவிந்தனை இரண்டு வார்டர்கள் தூக்கி வந்து தரையில் போட்டார்கள். குடிபாலாக்காரன். இருபது வயது இருக்கும். திருப்பதியில் யாத்திரிகர் ஒருவரின் மூட்டையோடு ஓடிப் பிடிபட்டவன். அபினி வாங்கத்தான் திருடினான். வெளியே அந்தக் காலத்து சர்க்கார் லைசென்ஸ் கடையில் கிடைத்த அபினி உள்ளே கிடைக்கவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, முழங்காலை வயிற்றோடு சேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏமிரா, நாடகமா?" என்றார் ஜெயிலர். "டாக்டர் காரு, வேலைக்குத் தகுதின்னு சர்டிபிகேட் குடுங்க. செக்கு இழுத்தா தெளிஞ்சிடும்."

டாக்டர் தேவசகாயம் உள்ளூர் மிஷன் சபைக்காரர். நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "செக்குல பூட்டினா செத்துடுவான் சார். ஒரு மாசம் என்கிட்ட விடுங்க."

"சரி. அப்புறமும் நடுங்கினா கசையடி. அப்ப நீங்க குறுக்க வரக்கூடாது."

டாக்டர் ஒப்புக்கொண்டார்.

2

டாக்டர், அபினிக் கரைசலான டிங்சர் ஓப்பியத்தை நிலவேம்புக் கஷாயத்தில் கலந்து கண்ணாடிப் புட்டியில் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு வேளையும் கொடுத்த அளவுக்கு வெறும் கஷாயத்தைப் புட்டியில் ஊற்றிவிட வேண்டும்.

"எதுக்கு சார்?"

"அபினி அவனுக்குத் தெரியாம கொஞ்சம் கொஞ்சமா குறையணும். அவன் கண்ணு புட்டி மேலதான் இருக்கு. மட்டம் இறங்கினா அந்த பயத்துலயே நடுங்குவான்."

உண்மைதான். படுத்தபடியே தலையைத் தூக்கிப் புட்டியைப் பார்ப்பான். "இன்னா கம்பவுண்டரே, கைய சுருக்கினு ஊத்தற? உங்க வூட்டு சொத்தா?" என்பான். வாந்தி எடுப்பான், எங்களைத் திட்டுவான். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் ஊர் மாடுகளைப் பற்றி விசாரிப்பார். ஒருநாள் அவனே, "இன்னும் கொஞ்சம் சோறு துன்னட்டுமா?" என்றான். டாக்டர் எழுந்துபோய்த் தட்டை வாங்கி வந்தார்.

மாசம் முடிந்து ஜெயிலர் வந்தபோது கோவிந்தன் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"செக்குக்கு வரியாடா?"

"வாணாம் சார். இங்கியே பெருக்கிக்கினு இருக்கேன்."

ஜெயிலருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

3

விடுதலை அன்று அவன் முகம் வெளுத்திருந்தது. "அந்தப் புட்டிய குடுத்துடுங்க சார். அது இல்லாம அபினிக் கடையத் தாண்டிப் போவ முடியாது."

"அதுல அபினியே இல்லடா. புட்டிய எப்பவோ கழுவியாச்சு. நீ குடிச்சிக்கினு இருந்தது வெறும் நிலவேம்பு" என்றார் டாக்டர்.

"என்னை ஏமாத்தினீங்களா?"

"மருந்தத்தான் மறைச்சேன். சோறு துன்னது நீதானே?"

ஜெயில் கேட்டைத் தாண்டி நடந்தான். கடை இருந்தது கேட்டுக்கு எதிரே. கடை வாசலில் நின்றான். டாக்டர் கூப்பிடவில்லை, கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கோவிந்தன் குடிபாலா ரோட்டில் திரும்பிய பிறகுதான் கையை எடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தில், "டாக்டர் சார், உங்க ஆளு மறுபடியும் வந்துட்டான்!" என்று கேட்டில் நின்ற வார்டர் கத்தினார். ஓடினோம். விலங்கு இல்லை. தலையில் நிலவேம்புக் கட்டோடு வெளியே நின்றிருந்தான். அன்று புதிதாக வந்த ஒருவன் உள்ளே அபினி இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு எத்தனையோ ஜெயில்களில் வேலை பார்த்தேன். நடுங்கி வந்தவன் எவனையும் நாடகக்காரன் என்று நினைத்ததில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர். ஆனால் காதில் நிற்பது, நிலவேம்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த கோவிந்தனின் குரல்தான்:

"கம்பவுண்டரே, மட்டம் எறங்காம பாத்துக்கோ."