அண்ணாச்சி சொல்லாமல் விட்ட பன்னிரண்டு நாள்

கேரளத்தில், தமிழர் நிறைந்த ஆரியசாலையில் பிறந்த தமிழச்சிதான் நான். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தால் வாய் தானாக மலையாளத்துக்குப் போய்விடும். புற்றுநோய்ப் பிரிவில், மருந்து ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் வார்டில் எனக்கு நர்ஸ் வேலை.

அங்கே வந்துபோகும் நோயாளி அண்ணாச்சி, சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கிய தமிழர். நுரையீரலில் புற்று. கீமோ பலிக்காமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி. நான்கு தடவை ஏற்றியதில் இருமல் அடங்கியது, கட்டி சுருங்கியது. "படியேறினா இப்ப மூச்சு வாங்கல மோளே" என்று மகளை மலையாளத்தில் கூப்பிடுவதுபோல் சொல்லிச் சிரிப்பார்.

ஐந்தாவது தடவை வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. எடை மூன்று கிலோ குறைவு. வழக்கமான கேள்விகளை மலையாளத்தில் கேட்டேன். மூச்சுத்திணறல்? தடிப்பு? வயிற்றுப்போக்கு?

"ஒண்ணும் இல்ல."

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். 'குறை ஏதுமில்லை' என்று எழுதிவிட்டு மருந்துக்குச் சொல்லியனுப்பினேன்.

அவர் கழிப்பறைக்குப் போன நேரம் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், ஒரு நாளைக்கு எட்டு தடவ வயித்தால போவுது. பன்னெண்டு நாளாச்சு. நேத்துலேர்ந்து ரத்தமும் சேர்ந்து போவுது. சொன்னா மருந்த நிறுத்திருவாங்க, வாயத் திறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட பிள்ள மேல சத்தியம் வாங்கிட்டாக."

அந்த மருந்து உடம்பின் சொந்தச் சக்தியை நோய் மேல் ஏவிவிடுவது. சில பேருக்கு அது குடலையும் தாக்கும். ஆரம்பத்திலேயே சொன்னால் பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும். முதல் நாளே இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன்தான். அவசர அவசரமாக, மலையாளத்தில். 'நிறுத்த வேண்டிவரலாம்' என்றதை மட்டும் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டரிடம் ஓடினேன். மருந்து ஏற்றவில்லை. அன்றே அட்மிட் செய்து நரம்பு வழியாக ஸ்டீராய்டு போட்டோம். அதற்கும் சரியாக அடங்காமல் வேறொரு மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போக மூன்று வாரம் ஆனது. இனி இம்யூனோதெரபி தர முடியாது என்று டாக்டர் சொன்னதும் அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேந்து என் மருந்தப் பிடுங்கிட்டீங்க."

"ஏத்தியிருந்தா குடலே ஓட்டையாகியிருக்கலாம், அண்ணாச்சி. வயித்தால போன முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்பிடிம்மா சொல்ல? பொம்பளப்பிள்ள நீ. அதுவுமில்லாம, நல்லாயிட்டு வந்த நேரம்."

மனைவி அவர் துணிகளை மடித்துக்கொண்டேயிருந்தாள்.

இப்போதெல்லாம் தமிழர்கள் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தமிழிலேயே கேட்கிறேன். கூட வந்தவர்களைத் தனியே கூப்பிட்டும் கேட்கிறேன். வரிசை நீளுகிறது என்று மேற்பார்வை சிஸ்டருக்குக் கோபம்.

மருந்து நின்றும் கட்டி ஆறேழு மாதம் அப்படியே இருந்தது. போன வார ஸ்கேனில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. வேறு கீமோ பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அண்ணாச்சி இன்னும் சம்மதம் சொல்லவில்லை.