மாத்திரை போட்டியா, வெர்னா?

எங்கள் ஊரில் டிசம்பர் வந்துவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும். முடியாதவர்கள் நான் நிற்கும் மருந்துக்கடைக்கு வருவார்கள். பதினோரு வருடமாகச் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். யார் எதை விழுங்கிவிட்டுச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது. வெர்னா லிண்ட்குவிஸ்ட் விஷயத்தை அவள் வீட்டாரே ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், அதில் எனக்குப் பாவமில்லை.

வெர்னா மினசோட்டாப் பனியில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மனச்சோர்வுக்கு ஆறு வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை. அவள் தம்பி கர்டிஸுக்கும் அவன் மனைவி மார்லிஸுக்கும் அது வசதியாகப் போயிற்று. கறியில் உப்பு கூடிவிட்டது என்று வெர்னா சொன்னால்கூடக் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

வெர்னா, கர்டிஸ் இருவரின் அம்மா முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், கர்டிஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் வெர்னா கேட்டே விட்டாள்.

"அம்மாவ அங்க தனியா விட்டுட்டு உங்களுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குது?"

"அந்தச் சக்கரம் புதுத் தரையெல்லாம் கோடு போட்டுரும் வெர்னா" என்றாள் மார்லிஸ்.

"தரை பெருசா, பெத்தவ பெருசா?"

மார்லிஸ் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "மாத்திரை போட்டியா, வெர்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலை அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தாள்.

போன டிசம்பர் பத்தொன்பதாம் தேதி கடைக்கு வந்தவள் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. "இந்தத் தடவை யாரையும் கேக்கப் போறதில்ல. நானே போய் அம்மாவ வண்டியில ஏத்திக்கிட்டு அவங்க வாசல்ல நிப்பேன். அழாமப் பேசணும், அவ்வளவுதான். மாத்திரைய குடு."

சீட்டுக் காலாவதியாகியிருந்தது. மருத்துவர் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டு அனுப்பினேன், பதில் இல்லை. இருபத்து மூன்றாம் தேதி மறுபடி வந்தாள். மருத்துவரின் அலுவலகம் புத்தாண்டு வரை பூட்டு.

"நாலு நாளா ஒண்ணும் போடல. தல சுத்துது" என்றாள்.

உள்ளே இருந்த மருந்தாளுநரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அவசரத்துக்கென்று சில மாத்திரைகள் கொடுத்திருப்பார். எனக்குத் தெரியும். வரிசை வாசல்வரை நின்றது, பின்னால் ஒருத்தி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டாந்தேதி வந்து பாரு வெர்னா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

கிறிஸ்துமஸ் அன்று அவளால் நேராக நிற்கவே முடியவில்லை. மாத்திரை திடீரென்று நின்றதில், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் விட்டு விட்டு வெட்டியதாம். கர்டிஸ் வந்துதான் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கார் முதியோர் இல்லத்து வாசலைத் தாண்டிப் போனது. அவள் வாயைத் திறக்கவில்லை. விருந்து முழுக்கத் தட்டையே பார்த்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்.

பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள்.

வருடத்துச் சேதியையெல்லாம் அச்சடித்து, உறவுக்கும் நட்புக்கும் கிறிஸ்துமஸ் கடிதம் அனுப்புவது மார்லிஸின் வழக்கம். இந்த வருடமும் தொண்ணூறு வீடுகளுக்கு அனுப்பினாள். எனக்கும் ஒன்று வந்தது. புதுப் படகைப் பற்றி ஒரு பத்தி. அம்மாவின் சாவுக்கு ஒரு வரி. பிறகு இப்படி: "போன கிறிஸ்துமஸ் போல நிம்மதியான பண்டிகையை நாங்கள் கண்டதில்லை. வெர்னாவுக்கு ஒருவழியாகச் சரியான மருந்து அமைந்துவிட்டது. கடவுளுக்கு நன்றி!"

நேற்று வெர்னா வந்தாள். கையில் அதே கடிதம். அதை என் முன்னால் விரித்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"அன்னிக்கு நான் எத்தன மாத்திர போட்டிருந்தேன், சொல்லு."

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை பத்து நாள் முன்பே தயாராக இருந்தது. கையெழுத்துக்கு நானே நாலு தடவை தொலைபேசியில் துரத்தியிருந்தேன். "இந்த வருஷம் உனக்கு ஒரு குறையும் இல்ல. போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வா" என்றேன்.

வெர்னா கடிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"கேக்கலாம். யாரக் கூட்டிட்டு வரச் சொல்லிக் கேக்குறது?"