வட்டமாகப் போட்ட கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை ரசம் கேட்கவும் கூச்சப்படுவேன்.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. குடியிருக்கும் வீட்டுக்குள் தறி ஓட்டக்கூடாது என்று ஒரு வரைவு விதியை அரசு இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம் என்று இ-சேவை மையம் நடத்தும் பெண் வந்து சொன்னாள். தறி போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பெண்களாகக் கூடி எழுதினோம். முதல் கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. முதலில் இருப்பவளைத்தான் அதிகாரி தேடி வருவார் என்று எல்லோருக்கும் பயம்.

"வட்டமாப் போட்டுக்கலாமுங்க, யாரு மொதலுன்னே தெரியாது" என்றவள் நான்தான். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்டு, அதைச் சுற்றிப் பெயர்களை எழுதினோம். விதி போட்ட துறையின் நாமக்கல் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீலும் வாங்கி வந்தோம்.

கெடு முடிந்த பிறகு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். 'பெறப்பட்ட ஆட்சேபணைகள்: இல்லை.'

எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியோடு நாமக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் தாளைத் தேடி எடுத்த எழுத்தர் சிரித்தார். "இது மனுவா, கோலமாங்க பாட்டி? மனுதாரர் யாருன்னே தெரியலை. பேரில்லாத மனுன்னு ஒதுக்கிட்டோம்."

"இத்தனை பேரு இருக்குதுங்களே சாமி."

"இதுல எந்தப் பேரை மொதல்ல போட்டு இணையதளத்துல ஏத்தறது?"

"எங்களைக் கேட்டிருக்கோணுமுங்க. வந்ததை இல்லைன்னு போட்டது பொய்யிங்க."

என் குரல் அடுத்த மேசை வரை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"கெடு முடிஞ்சு போச்சே!" என்றார் எழுத்தர்.

சீல் வைத்த நகலை நீட்டினேன். "கெடுவுக்குள்ள வாங்கினது நீங்கதானுங்க."

"செரி, உங்க பேரை மேல எழுதுங்க. உலகமே பாக்கும், பரவால்லையா?" என்று மிரட்டுகிற மாதிரி கேட்டார்.

"பாக்கட்டுமுங்க. ஒரு மனு வந்துதுன்னு ஒத்தை வரி போட்டாப் பத்தாது. நாங்க எழுதினது முழுசும் தெரியோணும். விதியை ஊரே பாக்கலாம், எங்க பதிலை மட்டும் பீரோவுல பூட்டி வெப்பீங்களா?"

என் பெயரையும் கதவு எண்ணையும் உச்சியில் எழுதினேன். எழுத்து பெரிதாக விழுந்தது.

"போயிட்டு வாங்க, நாளைக்கு ஏத்தறோம்."

"நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க" என்று அவர் மேசைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே திரையைத் திருப்பிக் காட்டினார். தாள் தலைகீழாக ஏறியிருந்தது.

"திருப்பிப் போடுங்க சாமி. யாரும் கழுத்தை வளைச்சுப் படிக்க மாட்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்தினார்.

விதி இன்னும் முடிவாகவில்லை. வாரம் ஒரு தடவை இ-சேவை மையத்துக்குப் போய், கடிதம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்து வருகிறேன். எடுத்தார்களானால் அந்தப் பெஞ்சில் மறுபடியும் போய் உட்காருவேன்.