படப்புக்குள் கையை விட்ட கோயில்பிச்சை அண்ணாச்சி

யாரும் நம்பப்போகாத கதை ஒன்றைத் தாமிரபரணி மீது சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

கோயில்பிச்சை அண்ணாச்சி நெஞ்சுவலியில் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வயலில் கார் நெல் அறுப்பில் நின்றிருந்தேன். மேற்கே மலை கறுத்துக்கொண்டிருந்தது. வைக்கோல் நனையப்போகிறது, இனி முகர்ந்து பார்க்க ஆளில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் ஒருவன் பீடி பற்றவைத்தால் எங்கள் ஊரில் இவர் தும்முவார். டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவர். அம்பாசமுத்திரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் பாதித் தெரு சாம்பலாகிவிடும் என்று, தன்னோடு ஏழு பேராகத் தீயணைக்க ஒரு குழு சேர்த்தார். ஒரு தண்ணீர் டேங்கரும் மோட்டாரும்தான் படை. அதைத் திறந்துவிட்டால் பாபநாசம் அணை வெட்கப்படும். அறுப்பு முடிந்ததும் சாயங்காலம்தோறும் வைக்கோல் படப்புகளை முகர்ந்துகொண்டே போவார். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் தானாகவே சூடேறும். "வெளிய தெரியுத அன்னைக்குப் பொறந்த தீ இல்ல வே அது. உள்ள பொறந்து பல நாள் ஆயிருக்கும்" என்பார்.

போன வருடம் என் படப்பு வீட்டுப் பின்சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளும் பன்னிரண்டு நாள் குழந்தையும் படுத்திருந்தார்கள். அண்ணாச்சி வந்து நின்றார்.

"பாகு காய்ச்சுத வாடை அடிக்கு. நனைஞ்சதா வே?"

"காஞ்சதுதான் அண்ணாச்சி."

"நனைஞ்சதுன்னா சொல்லும். டேங்கர் வந்த பெறகுதான் பிரிக்கணும். காத்துப் பட்டா பிடிச்சிரும்."

"எலி செத்துக் கெடக்கும். ஒங்க மூக்குக்கு அது பாகா மணக்குதாக்கும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எலியைத் தேடித் தோள்வரை கையை விட்டு ஒரு கை வைக்கோலை இழுத்தார். புகை வந்தது. அதன் பின்னாலேயே தீ, நெல்லையப்பர் கோபுர உயரத்துக்கு. வெந்த கையோடு, "முதல்ல பிள்ளையத் தூக்கும் வே" என்றார். டேங்கர் வந்து அணைத்தது. சுவர் கறுத்து நின்றது. குழந்தை பிழைத்தது. அவருடைய வலது கை அதன்பின் முழுதாக நீளவில்லை.

எப்படிப் பிடித்தது என்று ஊர் கேட்டது. "எவனோ பீடித் துண்ட எறிஞ்சிருக்கான்" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பொய்தான். இந்த வாரம் அவர் குழுவில் மிச்சமுள்ள ஆறு பேரோடு படப்பு படப்பாகப் போய் நனைஞ்சதா என்று கேட்டேன். எல்லோரும் காஞ்சதுதான் என்றார்கள். வடக்குத் தெருவில் ஒரு படப்பின்மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மூக்கையும் அணையையும் கோபுரத்தையும் நான் கூட்டித்தான் சொன்னேன். மூன்று நாள் மழையில் கிடந்த வைக்கோலை, தெரிந்தே, காய்ந்தது என்று அவரிடம் சொன்னேனே, அந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை.