கத்தாத வலி

கலேவெலயில் முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கும் ஹவ்வாவுக்கு, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலில் மாத்தளைத் தியேட்டரில் பார்த்த படம் எரிச்சலைக் கிளப்பியது. பிள்ளை பெறும் நடிகை கொட்டகை அதிரக் கத்துகிறாள். கண்ணில் கிளிசரின் கண்ணீர். நெற்றிப் பொட்டு மட்டும் கலையவில்லை!

அதே படத்தைப் பார்த்திருந்த ஜுனைத், மறுமாதம் மனைவி றமீஸாவுக்குப் பனிக்குடம் உடைந்த பிறகுதான் ஹவ்வாவிடம் ஓடி வந்தான். அவள் போனபோது பிள்ளையின் தலை தெரிந்தது.

பிள்ளை அழுத கையோடு ஹவ்வா வாசலுக்கு வந்தாள்.

“விடியவே வந்த வலிக்கு இப்பவாடா கூப்பிடுறது?”

“அவ கத்தவே இல்லையே, மாமி. படத்துல அந்தப் பொம்பளை...”

றமீஸாவின் பல் பதிந்து கிழிந்த சீலைத் தலைப்பை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அவளுக்குக் கத்தக் கூலி குடுத்தாங்க. இவ, ஆம்பளை உன் காதுல விழக் கூடாதுன்னு இதைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தாடா!”