அசிட் கேனுக்கு ஒரு மூக்கு

நடந்து விற்கிற தொழிலில் முதலில் தேய்வது செருப்பு. இரண்டாவது, மனிதர்களைப் பற்றி நாம் வைத்திருந்த நல்லெண்ணம். பையைத் தூக்கிக்கொண்டு தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கிய தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் விற்பது கேன் மூக்கு. மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், அசிட், எந்தக் கேனானாலும் அதன் வாயில் திருகி மாட்டலாம். சாய்த்தால் நூல் பிடித்தாற்போல் ஊற்றும். நுனியில் இருக்கும் மூடியைப் பெருவிரலால் அழுத்தினால் மறுபடி இறுக அடைத்துக்கொள்ளும். காற்றுப் போக உள்ளே ஒரு சின்னக் குழாய் இருப்பதால் குபுக்கென்று கொட்டாது. கேன் தீர்ந்தால் கழற்றிக் கழுவி அடுத்த கேனில் போடலாம். இதில் இருக்கிற விஞ்ஞானம் அவ்வளவுதான்.

புரட்சி செய்யப் புறப்பட்டவன் மூக்கு விற்க வந்த வரலாற்றை வரிசை தவறாமல் சொல்கிறேன். துண்டுப் பிரசுரங்களைப் படித்து வளர்ந்தவன், வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது. முதலாவது, வேலைநிறுத்தத்தில் துரையின் ஜீப்பை மறித்தேன் என்று தோட்டம் என்னை வேலையிலிருந்து விலக்கியது. ஜீப் நின்றது டீசல் தீர்ந்ததால். இரண்டாவது, எனக்காகக் கொடி பிடித்த சங்கம், கொடியைச் சுருட்டிய கையோடு, கட்டுப்பாட்டை மீறினேன் என்று என்னை நீக்கியது. மூன்றாவது, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நான் இருந்த காம்பிரா அறையைப் பிடுங்கி, என் இடத்துக்கு வந்த சங்கத்தின் புதிய தோட்டத் தலைவருக்கே கொடுத்தார்கள். நான்காவது, கேகாலையில் பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கும் என் மருமகன் என்மேல் இரக்கப்பட்டு, தான் வார்க்கும் மூக்குகளை விற்கும் பொறுப்பைத் தந்தான். ஐந்தாவது, என்னிடம் ஒரு மூக்கு வாங்கிய குற்றத்துக்காகப் பரமேஸ்வரி என்ற பெண்ணின் வேலையை நிறுத்தினார்கள். முதல் நான்கும் என் தலையில் விழுந்தவை, துடைத்துக்கொண்டேன். ஐந்தாவதைத் துடைக்க முடியவில்லை.

சிந்துவதும் வியாபாரம்

முதன்முதலில் போனது புளத்கொகுபிட்டிய பஜாரில் ஒரு பலசரக்குக் கடைக்கு. முதலாளி எங்கள் ஆள். பெரிய கேனிலிருந்து போத்தலுக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி போத்தலுக்குள், மீதி கீழே வைத்திருந்த தட்டில். இதைவிட நல்ல சகுனம் கிடைக்காதென்று மூக்கை எடுத்து, அவருடைய கேனிலேயே மாட்டி, ஒரு சொட்டும் சிந்தாமல் போத்தலை நிரப்பிக் காட்டினேன். பழைய மேடைப் பழக்கத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உழைப்பு வீணாவதைப் பற்றி இரண்டு வாக்கியம் கூடுதலாகவும் பேசிவிட்டேன். ரோட்டில் போன நாலு பேர் நின்று கேட்டார்கள்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, என் பையில் தானே வைத்தார். "நல்ல சாமான்தாங்க, நான் இல்லேங்கல. ஆனா தட்டுல எண்ணெ சிந்தாட்டி, கோயில் விளக்குக்குன்னு கேட்டு வர்றவங்களுக்கு நான் எதைக் குடுப்பேன்?"

சளி

அடுத்து, நான் பிறந்து, உழைத்து, வெளியேற்றப்பட்ட றப்பர் தோட்டம். அங்கே சின்னையா என்று ஒருவர், பால் வெட்டுகிறவர். மரத்தில் வடியும் பாலைக் கேனில் சேர்த்துச் சரிவான பாதையில் இறங்கும்போது அது தளும்பிச் சிந்தும். வாய்க்கு இலையைச் சுருட்டி அடைத்துக்கொண்டு வருவார்கள். நிறுவையில் பால் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். ஆகவே சின்னையா ஆசையாக ஒரு மூக்கு வாங்கினார். ஊற்றி முடித்ததும் கழுவ வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ விசயங்களை இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் லயத்துக்குப் போனால், ஊரே கூடிச் சிரிக்கிறது. சின்னையா கழுவாமல் ஆணியில் மாட்டிவிட்டார். உள்ளே இருந்த பால் றப்பராகி இறுகி, மூக்கு அடைத்துப் போயிருந்தது. றப்பர் மரத்தடியிலேயே பிறந்த மனிதனுக்குப் பால் இறுகும் என்பது தெரியாதா என்று கேட்டேன். அவர் அந்தச் சாமானை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தலைவரே, ஒங்க மூக்குக்குச் சளி புடிச்சிருச்சு. மொதல்ல அதுக்கு ஒரு கசாயத்தக் குடுங்க."

பரமேஸ்வரி வாங்கியது

சிரித்தவர்கள் கலைந்த பிறகும் ஒருத்தி நின்றாள். பரமேஸ்வரி, றப்பர் செய்யும் கூடமான ஸ்டோரில் வேலை. வந்து சேரும் பாலில் அசிட் கலந்து உறைய வைப்பது அவள் பொறுப்பு. சின்னையா எறிந்த மூக்கைப் பொறுக்கி, உள்ளே இறுகியிருந்த றப்பரை நகத்தால் கிள்ளி, கையுறை விரலைப்போல முழுசாக உருவி எடுத்தாள். உள்ளே புதுசாக இருந்தது. "மாமா, இது அசிட்டுக்கு நிக்குங்களா?" என்றாள். நிற்கும் என்றேன். புதுசாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. பெரிய கேனைத் தொடையில் சாய்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாளிக்கு ஊற்றுவதுதான் அந்த ஸ்டோரின் தொழில்நுட்பம். கேன் விக்கிக் குபுக்கென்று கொட்டும்போதெல்லாம் அசிட் தெறிக்கும். அவளுடைய இரண்டு பாதங்களிலும் தோல் வெந்து வெளுத்த திட்டுகள். பூட்ஸ் கேட்டாள், வரும் என்றார்கள். ஊற்றுவதற்கு ஏதாவது கேட்டாள், அதுவும் வரும் என்றார்கள். இரண்டும் ஒரே லொறியில் வருகின்றன போலும், லொறியைத்தான் காணோம்.

மறுநாள் மூக்கை மாட்டி, முகத்தைத் திருப்பாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றினாள். மூடியை அழுத்தியதும் கண்ணைக் கரிக்கும் ஆவியும் நின்றது. ஸ்டோருக்குப் பொறுப்பான சிங்கள ஐயா கிட்டே வந்து மோந்து பார்த்துத் தலையாட்டினாராம். "ஹொந்தாய், ஹொந்தாய். இப்ப எனக்கும் தலவலி இல்ல."

சாட்சிப் பொருள்

துரைக்கு அடுத்தபடி அதிகாரியாகப் புதிதாக வந்த சின்னத்துரை அந்த வாரமே ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தார். வெந்த காலைப் பார்க்கவில்லை. கேனில் இருந்த மூக்கைப் பார்த்தார். யார் அனுமதி கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. ஆகவே, தோட்டத்துக்குச் சொந்தமான பொருளை அனுமதியின்றி மாற்றியமைத்த குற்றம். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. தோட்ட வழக்கப்படி இதைக் காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் வாசித்தார். திருட்டுக்கும் குடிபோதைச் சண்டைக்கும் வாசிக்கிற அதே குரல்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள் தோழர்களே. மூக்கைக் கழற்றக் கூடாது என்றும் உத்தரவு, ஏனென்றால் அது சாட்சிப் பொருள். எனவே குற்றம் கேனிலேயே இருந்தது, குற்றவாளி மட்டும் வீட்டில் இருந்தாள். அவள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையதுதான். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருசன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். விசாரணை பாதகமாக முடிந்தால் வேலை போகும், பின்னாலேயே காம்பிராவும் போகும். நான் ஆறுதல் சொல்லப் போனபோது அவள் அழவில்லை. பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "காலு வெந்தப்ப அதப் பெரட்டுல யாரும் வாசிக்கலியே, மாமா."

என் வாரிசு

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இப்போதைய தோட்டத் தலைவரைப் பார்க்கப் போனேன். அதாவது என்னுடைய பழைய காம்பிராவுக்கு. என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு சோபா. அதில் என்னை உட்கார வைத்துப் பிஸ்கட் கொடுத்தார். விசயத்தை மேலிடத்துக்கு வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று, இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது, இனிப் பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். நாங்கள் போராட்டம் நடத்திய காலத்தில் ஜெயிலுக்குப் போனோம். இவர்கள் நீலக் கோட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

பரமேஸ்வரி ஒரு மன்னிப்பில் கையெழுத்து வைத்தால் துரை மனம் இரங்குவார் என்றும் யோசனை சொன்னார். அவள் வைக்க மாட்டாள் என்றேன். அவர் இன்னொரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப தலைவரே, மூக்க வித்தது நீங்கதானே. நீங்களே ஒரு மன்னிப்ப எழுதிக் குடுத்தா கேசு லேசா முடிஞ்சிரும்ங்க."

தெரியாது

வீட்டுக்கு வந்து, பல வருசத்துக்குப் பிறகு ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன். தலைப்பு: "காலைக் காத்தவள் குற்றவாளியா?" கேகாலையில் அச்சடித்து, ஸ்டோர் பாதையில் இருந்த மரங்களில் ஒட்டினேன். சப்ரகமுவ மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரத்துக்குள் எல்லாம் ரோட்டோர வடிகான் வழியே ஆற்றுக்குப் போய்விட்டது. மீன்கள் விழிப்படைந்திருக்கும்.

இதற்கிடையில் ஸ்டோரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது, எனக்குச் சொல்லாமலே. பரமேஸ்வரியின் இடத்தில் போட்ட பெண், கேனைத் தொடவில்லை. இந்த மூக்கை எப்படித் திறப்பதென்று தெரியாது என்றாளாம். அடுத்தவளைப் போட்டார்கள், அவளுக்கும் தெரியாது. சரி, கழற்றிவிட்டு ஊற்று என்றால், சாட்சிப் பொருள் ஆச்சுங்களே, நாளைக்கு எங்கள்மேலும் கேசு வந்தால் என்றார்கள். பெருவிரலால் அழுத்தினால் திறக்கும் அந்த மூடி, ஒரே வாரத்தில் அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் புரியாத இயந்திரமாகிவிட்டது. கடைசியில் ஸ்டோர் ஐயாவே முகத்தைச் சுளித்துக்கொண்டு அசிட் ஊற்றினார். வேலைநிறுத்தம் இல்லை, கோஷம் இல்லை, ஒருத்தி மேலும் குற்றம் சொல்ல முடியாது. வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் படித்த எந்தப் பிரசுரத்திலும் இந்த வழி இருக்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறீர்களா என்று அவர்களில் ஒருத்தியைக் கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நாங்க படிக்காதவங்கதானேங்க தலைவரே, எங்களுக்கு எங்க இதெல்லாம் வெளங்கப் போகுது."

விருந்தாளிகள்

பிறகு, றப்பர் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க. ஸ்டோருக்கு வெள்ளை அடிக்கப்பட்டது. வராத லொறி வந்து, பூட்ஸும் இறங்கியது. வந்தவர்களில் ஒரு அம்மா அசிட் கேன் முன்னால் நின்று, மூக்கைத் திறந்து மூடிப் பார்த்து, மிக நல்ல ஏற்பாடு என்று படம் எடுத்தார். பெரிய துரை கண் இமைக்காமல், தொழிலாளர் நலனுக்காக நிர்வாகம் தானே செய்த ஏற்பாடு என்றார். அப்படியானால் இதைப் பயன்படுத்தும் பெண்ணோடு பேச வேண்டும், நாளைக் காலை வருகிறோம் என்றார் அந்த அம்மா.

அதைத் திறக்கத் தெரிந்த பெண் தோட்டத்திலேயே ஒருத்திதானே, அன்று பின்னேரமே ஸ்டோர் ஐயா பரமேஸ்வரியின் வாசலுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். விசாரணை கிடக்கட்டும், காலையில் பின்பக்கக் கதவால் ஸ்டோருக்கு வந்துவிடு, யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்றார். என் மனதில் பதினைந்து கோரிக்கைகள் ஓடின. வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். நின்ற நாட்களுக்கெல்லாம் முழுப் பேர் போட்டுச் சம்பளம் தர வேண்டும் என்றாள். ஐயா சரி என்றார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். "ஐயா, எம் பேரக் கெடுத்தது பெரட்டுல வச்சுத்தான். பின்கதவால நான் வர மாட்டேன். அங்கேயே வாசிக்கச் சொல்லுங்க, வாறேன்."

பெரட்டு

காலையில் நானும் போனேன். வேலையிலிருந்து விலக்கப்பட்டவனுக்குப் பெரட்டுக் களத்துக்குள் அனுமதி இல்லை, அதனால் ரோட்டோரத்தில் மூக்குப் பையோடு நின்றேன். ஆட்கள் வழக்கத்தைவிட அதிகம். அன்று வேலைக்குப் பேரே இல்லாத கிழவிகள்கூடத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். தோட்டத் தலைவர் முதல் வரிசையில், போராடி வென்றவரின் முகத்தோடு. சின்னத்துரை தன் சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேலே பங்களா வளைவில் விருந்தாளிகளின் வாகனச் சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை பால் வெட்டுக்காரர்கள் எல்லாரையும் வாசித்து முடித்து, துரையின் முகத்தைப் பார்த்து, தொண்டையைக் கனைத்தார். பின்வரிசையிலிருந்து சின்னையா குரல் கொடுத்தார்: "சத்தமா வாசிங்க ஐயா, அன்னைக்கு நல்லாத்தானே கேட்டிச்சு."

ஆக, காலைக் காப்பாற்றிக்கொண்டதற்காக ஒருத்தியை நிறுத்தி, அவள் வாங்கிய மூக்கைத் தன் மூக்கென்று விருந்தாளிக்குக் காட்டி மெச்சிக்கொண்ட எங்கள் மாண்புமிகு நிர்வாகம், எனக்குத் தெரிந்த காலத்தில் செய்த ஒரே நேர்மையான காரியம், அன்று காலை அத்தனை பேர் சாட்சியாக உரத்து வாசித்த இந்தப் பேர்தான்: "பெருமாள் பரமேஸ்வரி."