விற்கப்பட்டவள் என்ன ஆனாள்

ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பழைய காலத்துப் போதகர் ஒருவரின் வாழ்க்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தன் அடிமைப் பெண் ஒருத்தியை விற்றார். பத்திரத்தை இவரையே எழுதச் சொன்னார். இவரும் மனம் ஒப்பாமலே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த உறுத்தல்தான் பிறகு அவரை ஊர் ஊராக நடக்கவைத்தது. அடிமை வைத்திருந்தவர்களின் வீட்டுக்கே போய், இது பாவம் என்று தணிந்த குரலில் சொல்வார். அடிமைகள் உழைப்பில் விளைந்த சர்க்கரையைக்கூட அவர் தொடவில்லை.

வலியசாலைத் தெருவில், எங்கள் வீட்டு அடுக்களையை ஒட்டிய அறையில்தான் எழுதுவேன். எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது வழக்கம். அன்று அடுக்களையில் எங்கள் வீட்டு வேலைக்காரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாகியிருந்த என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள, பன்னிரண்டு வயதில் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. துருவுகிற சத்தம் நின்றது.

"வித்தாங்களே, அந்தப் பொண்ணு பின்ன என்ன ஆச்சு மாமி?"

புத்தகத்தைப் புரட்டினேன். போதகரின் பயணங்கள், பட்ட அவமானங்கள், அம்மை கண்டு அவர் இறந்தது எல்லாம் இருந்தன. விற்கப்பட்டவளைப் பற்றி இன்னொரு வரி இல்லை.

"போடலைடி."

"ஓ" என்றாள். மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

அதற்குமேல் எனக்கு எழுத ஓடவில்லை. பழையதொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் இருந்த இவளுக்குப் பத்தொன்பது வயதில் இவள் அப்பா வந்தார். தோட்டத்தில் ஒரு பையனைப் பார்த்திருப்பதாகவும், அவளை அழைத்துப்போக வேண்டும் என்றும் வாசலில் நின்றபடியே சொன்னார். மாமியார் அப்போது மிகவும் மோசமாக இருந்தார். ஓணம் கழிந்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவளைக் கூப்பிடவில்லை, அப்புறம் சொல்லவும் இல்லை. ஓணத்துக்கு முன்பே அவள் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது.

அவள் அந்தக் கேள்வி கேட்ட அன்று சாயங்காலமே இதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும் மாமி. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"ஏண்டி அப்பவே கேக்கலை?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேன்."

மறுவாரம் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி போனக்காடு போனேன். தோட்டம் பாதி காடாகிக் கிடந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அவள் பிறந்த வீட்டின் கூரை இறங்கியிருந்தது. அடுத்த வாசலில் நின்றவரிடம் அவள் தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

"அவனா? அவனுக்கு ஒரே மகன்தானே. திருப்பூர் பக்கம் போயிட்டான். நீ ஆரு?"

அவள் இடிந்த வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

"மூணு மணி பஸ் விட்டா பின்ன இல்ல மாமி. போலாம்."

வழியில், உனக்கென்று தனியாக ஒரு இடம் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"இந்த வயசிலயா?" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புத்தகம் அச்சாகிவிட்டது. அவள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போனக்காடு போய்வந்த பிறகு, வியாழக்கிழமை மத்தியானங்களில் மட்டும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறாள். எங்கே என்று நான் கேட்பதில்லை.